உஷார்! காலை வெயிலை நம்பி மலையில் நிற்காதீர்கள்

டிக்கோயாவில் பளிச்சென்று விடிகிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் மேல் படுத்துக் கிடந்த பனிமூட்டம் எட்டு மணி வாக்கில் கலைகிறது. சிவனொளிபாதமலையின் உச்சி கண்ணுக்கு எட்டுகிறது. பெரட்டுக்களத்தில் யார் முகத்திலும் மழைக் கவலை இல்லை. "இன்னிக்கு நல்ல வெயிலு, கிலோ ஏறும்" என்று கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்புகிறார்கள்.

அந்த வெயில்தான் ஆபத்து.

மார்ச், ஏப்ரல்; அப்புறம் ஒக்டோபர், நவம்பர். இரண்டு பருவமழைக்கும் இடைப்பட்ட இந்த மாதங்களில்தான் இலங்கையில் இடியும் மின்னலும் உச்சத்துக்குப் போகின்றன. சித்திரை வருசப்பிறப்பும் தீபாவளியும் வருவதும் பெரும்பாலும் இதே மாதங்களில்தான். பிள்ளைகள் மைதானத்தில் கிரிக்கெட் ஆடுகிற நேரம், பெரியவர்கள் பண்டிகைச் செலவை நினைத்து நாலு கிலோ கூடுதலாகப் பறிக்கிற நேரம்.

வெயிலுக்கும் இடிக்கும் என்ன உறவு? சைக்கிள் டயரின் வால்வு முள்ளை அழுத்திப் பாருங்கள். உள்ளே நெருக்கியடித்துக் கிடந்த காற்று சில்லென்று வெளியே வரும். அழுத்தம் குறைந்து விரிகிற காற்று குளிர்ந்துபோகும். மலைச்சரிவில் ஏறுகிற காற்றுக்கும் இதே கதைதான். உயரப் போகப்போக அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, ஒவ்வொரு ஆயிரம் மீற்றருக்கும் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் குளிர்கிறது. கடற்கரைப் பக்கமிருந்து 31 பாகை வெப்பத்தோடும் நல்ல ஈரத்தோடும் கிளம்பும் காற்று, கித்துல்கல, கினிகத்தேனை ஏற்றங்களைத் தாண்டுவதற்குள், தொள்ளாயிரம் மீற்றர் அளவிலேயே ஈரத்தைத் தாங்க முடியாமல் மேகமாகிவிடலாம். நாட்டிலேயே அதிக மழை பெய்கிற இடங்களில் ஒன்றாக வட்டவளை இருப்பது சும்மா இல்லை. ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கிற டிக்கோயாவில் நாம் பல நாள் மேகத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. அதற்குள்ளேயே நின்றுகொண்டு "பனி" என்கிறோம்.

வில்லங்கம் இனிமேல்தான். பிட்டு அவிக்கும்போது ஆவி கையில் பட்டால் கொதிநீர் பட்டதைவிட மோசமாகச் சுடும். ஆவி நீராக மாறும்போது, தனக்குள் ஒளித்து வைத்திருந்த சூட்டையெல்லாம் கொட்டிவிடுகிறது. மேகத்துக்குள்ளும் அதுவே நடக்கிறது. நீராவி துளியாகும்போது வெளிவரும் சூடு, ஏறுகிற காற்றைக் குளிரவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. ஆயிரம் மீற்றருக்கு 10 பாகை குளிர்ந்த காற்று, இப்போது 5 பாகை அளவில்தான் குளிர்கிறது. சுற்றியிருக்கும் வானம் அதைவிட வேகமாகக் குளிர்ந்து கொண்டே போனால், மேகத்துக்குள் இருக்கும் காற்று எப்போதும் அக்கம்பக்கத்தைவிடச் சூடு, அதனால் இலேசு. தள்ளுவார் இல்லாமலேயே மேலே பாயும். வளிமண்டலம் நிலைகுலைந்திருக்கிறது என்று வானிலைக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

காலையில் அப்படி இல்லை. இரவெல்லாம் பள்ளத்தில் தேங்கிய குளிர்காற்றின் மேல் சற்றுச் சூடான காற்று, பானைக்கு மூடி போட்டது மாதிரி உட்கார்ந்திருக்கும். கீழே இருப்பது மேலே எழ முடியாது. வானம் அமைதியாகத் தெரிவது அந்த மூடியால்தான். வெயில் ஏற ஏறத் தரை சுட்டு மூடி கழன்றுவிடும். பருவக்காற்றும் ஓய்ந்திருக்கிற மாதங்களாகையால், எழுகிற காற்றைச் சிதறடிக்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. பதினொரு மணிக்கு மலை முகட்டில் பஞ்சுப்பொதி போல ஒரு மேகம். பன்னிரண்டுக்கு அது கோவாப்பூ மாதிரி மேல்நோக்கிப் பொங்குகிறது. இரண்டு மணிக்கு அதன் அடிவயிறு கறுக்கிறது. தலை பன்னிரண்டு கிலோமீற்றருக்கும் மேலே போயிருக்கக்கூடும். அங்கே பனிக்கட்டித் துகள்கள் ஒன்றோடொன்று உரசிப் பிறக்கும் மின்சாரம்தான் கீழே இறங்குகிறது.

இறங்கும்போது அது தேடுவது உயரமானதை. தேயிலைச் செடி இடுப்பளவு. அதற்கு மேலே நிமிர்ந்து நிற்பது கொழுந்து பறிக்கிறவரின் உடம்பு. விட்டால் கிரவிலியா மரம், டர்பன்டைன் மரம். மழைக்கு நாம் ஓடி ஒதுங்குகிறதும் அவற்றின் அடியில்தான். வானிலை அவதான நிலையம் மின்னல் எச்சரிக்கை விடும்போதெல்லாம் வயல்வெளி, நீர்நிலையோடு தேயிலைத் தோட்டத்தையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. மரத்தடி கூடாது, சைக்கிள், டிரக்டர் போன்ற திறந்த வாகனம் கூடாது என்றும் சொல்கிறது. டிரக்டர் பெட்டியில் நெருக்கியடித்து ஏறி வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த வரியை இன்னொரு தடவை படிக்க வேண்டும்.

"அக்கா, இடிக்குது, எறங்குவமா?"

"இருடி, நிரையை முடிச்சிட்டுப் போவம்."

இந்தப் பதில்தான் எனக்குப் பயம் தருகிறது. இடி காதில் விழுந்தாலே மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். மின்னல் வெட்டியதிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். இடி வர மூன்று விநாடி எடுத்தால் ஒரு கிலோமீற்றர். முப்பது எண்ணுவதற்குள் கேட்டால் பத்து கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. அடுத்த வெட்டு உங்கள் தலைக்கு மேலேயே விழலாம். பள்ளத்தில் இருக்கும் தோட்டங்களில் எதிர்மலை மறைப்பதால் வெளிச்சம் தெரியாமலே போகும். அங்கே எண்ணிக்கொண்டு நிற்காமல், முதல் உறுமலுக்கே இறங்குங்கள். சுவரில்லாத கொழுந்து மடுவம் மழைக்குத்தான் ஒதுக்கிடம். லயத்து வீடு மேல், ஆனால் டிவி, டிஷ் அன்டனா வயர், தண்ணீர்க் குழாய் எதையும் தொடாதீர்கள். வயர்களை இடி வருமுன்பே கழற்றிவிடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் போகட்டும், அதன்பின் மலைக்குப் போகலாம்.

இடியே இல்லாமல் நாள்கணக்கில் பிசுபிசுக்கிற மழை வேறு வகை ஆபத்து. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயன்கள் மண்ணுக்குள் போனதை மலையகம் மறக்காது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழுந்தாலே விழிப்பாக இருக்கச் சொல்கிறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 100 ஆனால் தயாராகுங்கள், 150 ஆனால் வெளியேறுங்கள் என்பது அதன் கணக்கு. நிலத்தில் வெடிப்பு, மரம் சாய்வது, ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்குவது, இதில் எதைக் கண்டாலும் மில்லிமீற்றருக்குக் காத்திராமல் கிளம்புங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

கடைசியாக, கணக்கப்பிள்ளை ஐயாமாருக்கும் துரைமாருக்கும் ஒரு வேண்டுகோள். மேகம் பொங்குவதைப் பார்த்தும் கொழுந்து பறிக்கிறவர்கள் மலையிலேயே நிற்பதற்குக் காரணம் அறியாமை இல்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும் என்ற பயம். இடி கேட்டு இறங்கி வந்த நாளுக்கு முழுப்பேர் போடுங்கள்.