படகு ஓய்வில், உப்பு வேலையில்

ஐப்பசி பிறந்தால் காஞ்சிபுரத்துக் குழித்தறிக்காரர்களுக்குக் கவலையும் பிறந்துவிடும். அடைமழையில் கால் வைக்கும் குழிக்குள் தண்ணீர் ஊறும். தெருவில் பாவு விரிக்க வெயில் கிடைக்காது. தறி சில நாள் சும்மா நிற்கும். அப்படி நிற்கும் தறியை யாரும் கண்ணெடுத்துப் பார்க்காமல் விடுவதில்லை. ஈரம் மரத்தையும் பாவையும் என்ன செய்யும் என்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

இங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஆண்டுதோறும் இதே கதைதான் நடக்கிறது. அங்கே நிற்பது தறியல்ல, விசைப்படகு. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழகத்தின் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்த தடைக்காலம் 2017இல் 61 நாளாக நீண்டது. இந்த இரண்டு மாதத்தில் படகைக் கரையேற்றிப் பலகை பார்ப்பார்கள், வண்ணம் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். படகின் வயிற்றுக்குள் இருக்கும் என்ஜினுக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

குளிர்நாடுகளில் இந்த வேலைக்கென்றே ஒரு பருவம் உண்டு. கனடாவில் ஒன்டாரியோ ஏரிக்கரையில் படகு வைத்திருப்பவர்கள் பனி விழுவதற்கு முன்பே என்ஜினைப் பனிக்காலத்துக்குத் தயார் செய்து மூடி வைக்கிறார்கள். காரணம், தண்ணீரின் விசித்திரமான குணம். பெரும்பாலான திரவங்கள் உறையும்போது சுருங்கும். தண்ணீரோ உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. என்ஜினின் வார்ப்பிரும்புச் சுவருக்குள் ஒரு சொம்பு தண்ணீர் தங்கி உறைந்தாலும் போதும், இரும்பு பிளந்துவிடும். அதனால் அவர்கள் நீரை முழுக்க வடிக்கிறார்கள். அல்லது உறையாத திரவத்தை நிரப்பி வைக்கிறார்கள்.

நமக்குப் பனியில்லையே, இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். நம் கடலில் பனிக்கட்டியின் இடத்தில் உப்பு உட்கார்ந்திருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. பனியைப் போல அது ஒரே இரவில் உடைக்காது. 61 நாளில் நிதானமாக அரிக்கும்.

படகு என்ஜின் எப்படிக் குளிர்கிறது? எரியும் டீசலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ சற்றுக் கூடுதலாகவோதான் படகைத் தள்ளும் விசிறியைச் சுழற்றப் போகிறது. மீதி வெப்பம். லாரிக்கு எதிர்க்காற்றும் ரேடியேட்டரும் இருக்கின்றன. படகின் அடியறையில் காற்று ஏது? கடலே ரேடியேட்டர். படகின் அடியில் ஒரு வால்வு வழியாகக் கடல்நீர் உள்ளே வரும். சல்லடையில் பாசியும் குப்பையும் நிற்கும். இம்பெல்லர் என்னும் ரப்பர் சக்கரம் நீரை உறிஞ்சித் தள்ளும். கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலர், பிறகு ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று நீர் சுற்றிவரும். சில படகுகளில் புகைக்குழாயையும் குளிர்வித்துவிட்டுக் கடலுக்கே திரும்பும்.

என்ஜினுக்குள் ஓடுவது வேறு தண்ணீர். அது கூலன்ட் கலந்த நன்னீர். மூடிய சுற்றில் சுழலும். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் இரண்டு நீரும் மெல்லிய குழாய்ச் சுவருக்கு இப்புறமும் அப்புறமும் ஓடும். வெப்பம் மட்டும் கைமாறும், நீர் கலக்காது. இந்த ஏற்பாடு இல்லாமல் கடல்நீரையே என்ஜினுக்குள் விடும் பழைய முறையும் உண்டு. அதில் சூட்டை 60 டிகிரி அளவிலேயே அடக்கி வைப்பார்கள். அதற்கு மேல் போனால் உப்பு உள்ளேயே படியத் தொடங்கும்.

இனி இந்த விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். இரும்பு துருப்பிடிக்க நீரும் வேண்டும், காற்றும் வேண்டும். காஞ்சிக்காரர்களுக்கு இதை விளக்க, இரும்பில் அல்ல, மரத்தில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்திவரதர் 40 ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வருகிறார். 1979க்குப் பிறகு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் வைபவம் நடந்தது. அத்திமரத் திருமேனி தண்ணீருக்குள் எப்படி இருக்கிறது என்று அப்போது பலரும் வியந்தார்கள். பக்தர்களின் விளக்கம் அவர்களுடையது. அறிவியல் சொல்வது இது: முழுக்க நீருக்குள் மூழ்கி, காற்று எட்டாமல் இருக்கும் மரம் எளிதில் மக்குவதில்லை. நனைந்தும் காய்ந்தும் கிடக்கும் வேலிக்கம்புதான் சீக்கிரம் மக்குகிறது.

என்ஜினுக்கும் அதுவேதான் கதி. பாதி வடிந்து பாதி நின்ற உப்புநீர், அதன்மேல் ஈரக்காற்று. இதைவிட மோசமான நிலை இரும்புக்குக் கிடையாது. எனவே மூடிய சுற்றைப் புதிய கூலன்ட் கலவையால் தளும்ப நிரப்பி வையுங்கள். துருவைத் தடுக்கும் மருந்து அதில் இருக்கிறது. கடல்நீர் ஓடும் பாதையைச் சொட்டு மிச்சமில்லாமல் உலர்த்துங்கள். இரண்டுக்கும் நடுவே நிற்கவே கூடாது.

வடிப்பதற்கு முன் கழுவ வேண்டும். அடிவால்வை மூடி, உறிஞ்சும் குழாயைக் கழற்றி, ஒரு பெரிய டிரம் நன்னீருக்குள் விட்டு, என்ஜினை மெதுவாக ஓடவிட்டால் பம்பு தானே நீரை இழுத்து உப்பைக் கழுவிவிடும். என்ஜின் ஓடாதபோது குழாய்நீரை அழுத்தமாக உள்ளே விடாதீர்கள். புகைக்குழாயில் நீர் கலக்கும் வகைப் படகாக இருந்தால், அது நிறைந்து சிலிண்டருக்குள்ளேயே தண்ணீர் போய்விடும். கழுவி முடித்து வடிகால் திருகுகளைக் கழற்றியதும் நீர் வரவில்லை என்றால் ‘காலியாகிவிட்டது’ என்று நினைக்க வேண்டாம். மணலும் செதிலும் துளையை அடைத்திருக்கலாம். ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள்.

எல்லோரும் மறப்பது கியர் கூலரை. அதன் குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் படகு ஓடும்போது எண்ணெய் கடலுக்குக் கசியும்; நின்றபின் உப்புநீர் கியர் பெட்டிக்குள் வரலாம். அளவுகோலை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கும். அப்படி இருந்தால் எண்ணெயை மட்டும் மாற்றிப் பயனில்லை. கூலரைக் கழற்றி அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். என்ஜின் எண்ணெயையும் தடைக்காலம் முடியும்போது மாற்றுவதைவிட, தொடங்கும்போதே சூடாக இருக்கையில் வடித்து மாற்றுவதுதான் சரி. எரிந்த டீசலின் அமிலம் கலந்த பழைய எண்ணெயில் பேரிங்குகளை இரண்டு மாதம் ஏன் ஊறப்போட வேண்டும்?

கூலரிலும் ஹீட் எக்ஸ்சேஞ்சரிலும் செருகியிருக்கும் ஜிங்க் கட்டையையும் பாருங்கள். தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காப்பது அதன் வேலை. 1824இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி ஆங்கிலேயக் கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்கச் சொன்ன உபாயம் இதுதான். பாதி கரைந்திருந்தால் புதிதாகப் போடுங்கள். வடித்த கூலன்ட்டைத் துறைமுகத்து நீரில் கொட்டாதீர்கள்; பல வகைகளில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும் நஞ்சு. நாய் நக்கினால் செத்துப்போகலாம்.

கடைசியாக இம்பெல்லர். ரப்பர் இதழ்கள் வளைந்தபடியே இரண்டு மாதம் கிடந்தால் அந்த வளைவு நிலைத்துவிடும். பிறகு நீரை ஒழுங்காக இழுக்காது. அதைக் கழற்றி எடுத்து வைப்பது நல்லது. ஆனால் கழற்றியதை மறந்து ஜூன் 15 அதிகாலையில் அவசரத்தில் என்ஜினைக் கிளப்பினால் எல்லாம் வீண். குளிர்விக்க நீரே வராது. ஆகவே படகுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: கழற்றிய இம்பெல்லரை ஒரு துணிப்பையில் போட்டு, என்ஜின் சாவியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். அடிவால்வு மூடியிருக்கிறது என்று ஒரு அட்டையில் எழுதி அதே சாவியில் தொங்க விடுங்கள்.