பத்மபாணியின் தாழ்ந்த விழிகள்

கருணையை வண்ணத்தில் தீட்டுவது அரிது. அழுகின்ற முகத்தை வரைந்தால் அது துயரமாகிவிடும்; வழங்குகின்ற கையை வரைந்தால் கொடையாகிவிடும். மராட்டிய மாநிலத்து அஜந்தாவின் முதற் குகையில், 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பெயரறியாத ஓர் ஓவியன் இவ்விரண்டையும் விலக்கி வேறொரு வழி கண்டான். அதுவே பத்மபாணி என்னும் போதிசத்துவரின் சித்திரம். (காடு மூடிக் கிடந்த இக்குகைகளை 1819இல் கண்டவர், வேட்டைக்கு வந்த ஆங்கிலப் படையதிகாரி ஒருவர். கொல்ல வந்தவர் கண்ணிலா இப்புதையல் பட வேண்டும்!)

தலையில் மணிமுடி, கழுத்தில் முத்துவடம், வலக்கையில் நீலத் தாமரை. சேற்றில் பிறந்தும் சேறு படாத அம்மலரின் குறிப்பை மாணவரும் அறிவர். முடியின் பொருள்தான் சற்று ஆழமானது. இவர் வீடுபேற்றின் வாயில்வரை சென்றும், துன்புறும் உயிர்கள் எஞ்சியிருக்க உள்ளே புகேன் என்று நின்றுவிட்டவர். உலகை விட்டு நீங்காமைக்கு அம்முடியே அடையாளம் என நாம் கொள்கின்றோம். சூழவும் காதலிணைகள், மயில்கள், குரங்குகள். அக்களிப்பின் நடுவே அவர் தலை சாய்த்து நிற்கின்றார். மேனியெங்கும் இளமை, இமைகளில் மட்டும் பாரம்.

அவ்விழிகள் கீழ்நோக்குகின்றன. அவலோகிதேசுவரர் என்னும் அவர் பெயருக்கே கீழ்நோக்கியருளும் தலைவர் என்று பொருள் கூறுவர்.

மேலிருந்து நோக்கும் பார்வை இராகலை மக்களாகிய நமக்குப் புதிதன்று. மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் துரை பங்களா மேட்டிலும், லயங்கள் பள்ளத்திலும் அமைந்தன. ‘மேற்பார்வை’ என்னும் சொல்லை அந்த மேட்டோடு சேர்த்தே நம் முன்னோர் கற்றனர். அப்பார்வை கொழுந்துக் கூடையின் நிறையை அளந்தது; கூடை சுமந்த முதுகைக் கண்டதில்லை. அஜந்தா ஓவியனும் தலைவரை உயரத்தில்தான் நிறுத்தினான். சுற்றியுள்ளோரினும் பேருருவாகவே தீட்டினான். ஆயினும் அவ்வுயரம் நம்மை அச்சுறுத்தவில்லையே, ஏன்? தலை சாய்ந்திருப்பதனாலன்றோ! நிமிர்ந்த தலையில் இதே விழிகளை எழுதியிருந்தால் அவை ஓர் அதிகாரியின் கண்களாயிருக்கும். கழுத்தின் அச்சிறு வளைவிலேயே சித்திரத்தின் உயிர் இருக்கின்றது.

இவர் தமிழுக்கு அயலாருமல்லர். 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் தமிழ் கற்றது அவலோகிதரிடமே என்கின்றது. இலங்கையில் இவரையே நாத தெய்வமாக வழிபடுகின்றனர். கண்டித் தலதா மாளிகைக்கு அருகிலுள்ள நாத தேவாலயத்தை நம்மவர் எத்தனையோ பேர் நாள்தோறும் கடந்து போகின்றனர்.