கல்லைக் குடையும் அலை, ஆளை விடுமா? முட்டம் பாறைக்குப் போகிறவர்களே, உஷார்!

நாகர்கோவில்,

'கடலோரக் கவிதைகள்' படம் பார்த்தவர்களுக்கு முட்டம் புதிதல்ல. 1986-ல் சத்யராஜும் ரேகாவும் நடந்த அதே பாறைகள்தான். 1981-ல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை'யும் இங்கேதான் படமானது.

நாகர்கோவிலில் இருந்து சுமார் 16 கிலோ மீட்டர். செம்மண் மேட்டில் கலங்கரை விளக்கம். கீழே எட்டிப் பார்த்தால் யானை யானையாகப் பாறைகள். நடுநடுவே குகைகள். அலை உள்ளே புகுந்து மோதும்போது 'டொம்' என்று சத்தம்!

கடல் குகையைக் குடைவது யார்? அலைதான். பாறை வெடிப்பில் தண்ணீர் பாயும். உள்ளே சிக்கிய காற்று நெருக்கும். வெடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். இது பல ஆயிரம் ஆண்டு வேலை.

அந்த அலைக்கு முன்னால்தான், "டேய், ஒரே ஒரு போட்டோடா" என்று பாசிப் பாறையில் இறங்குகிறார்கள்!

5 பேர் பலி

இதே குமரி மாவட்டத்தில், கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 2024 மே 6-ந் தேதி மருத்துவ மாணவ-மாணவிகள் 5 பேர் அலையில் சிக்கி பரிதாபமாக இறந்தனர். அது 'கள்ளக்கடல்' எச்சரிக்கை விடப்பட்டிருந்த நேரம்.

அது என்ன கள்ளக்கடல்? தெற்கே பல ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால் பலத்த காற்று கிளப்பிவிடும் அலை, சில நாள் கழித்து நம்ம கரைக்கு வந்து சேரும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. திருடன் மாதிரி வருவதால் மீனவர்கள் வைத்த பெயர் அது. 2012-ல் யுனெஸ்கோவும் அதை ஏற்றுக்கொண்டது.

ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கிறது. டூர் வேனில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் காதில் அது விழ வேண்டாமா? கரையில் சிவப்புக் கொடியும் எச்சரிக்கைப் பலகையும் கண்ணில் படும்படி இருக்க வேண்டாமா?

ஈரம் பார்த்து நில்லுங்கள்

பாறை ஈரமாக இருக்கிறதா? அங்கே அலை வந்து போயிருக்கிறது, மறுபடியும் வரும் என்று அர்த்தம். காய்ந்த பாறைக்கு மேலே நில்லுங்கள். கடலுக்கு முதுகு காட்டி போட்டோ எடுக்காதீர்கள். குகைக்குள் எட்டிப் பார்க்கும் ஆசையே வேண்டாம். மேட்டில் நின்று பார்த்தாலே கண் நிறையும்.

சினிமாவில் கால் வழுக்கினால் 'கட்' சொல்ல டைரக்டர் இருப்பார். முட்டம் பாறையில் யார் சொல்வது?