நேர்க்கோடும் மலைப்பாதையும்

போடிநாயக்கனூருக்கும் மூணாற்றுக்கும் இடையேயுள்ள தொலைவு யாது? இவ்வினாவிற்கு விடைகள் இரண்டு உண்டு. நிலப்படத்தில் இரண்டு ஊர்களையும் நேர்க்கோட்டால் இணைத்து அளந்தால் ஏறத்தாழ 33 கிலோமீட்டர் வரும். பேருந்தில் செல்வோருக்கோ அஃது ஏறக்குறைய 68 கிலோமீட்டர். இரண்டும் உண்மையே. முன்னது பறவைக்கு உரியது. பின்னது நமக்கு உரியது.

தொலைவு இவ்வாறு இருமடங்காவதற்குக் காரணம் மலையே. போடியை விட்டு மேற்கே செல்லும் சாலை, போடிமெட்டை அடைவதற்குள் ஆயிரம் மீட்டர் உயரம் ஏறவேண்டும். சுவர்போல் நிமிர்ந்த சாலையில் வண்டி ஏறுமோ? நூறு மீட்டர் செல்வதற்குள் ஐந்து மீட்டர் உயரும் சாலை, ஆயிரம் மீட்டர் உயர்வதற்கு இருபது கிலோமீட்டர் நீண்டாக வேண்டும். அந்நீளத்தை மலையின் ஒரே முகத்தில் மடித்து மடித்து அமைப்பதால் உண்டாவனவே கொண்டை ஊசி வளைவுகள். போடிமெட்டு வழியில் அவை பதினேழு உள்ளன.

இவ்வளைவுகளுக்கெல்லாம் உட்படாமல் மலையிறங்கிய பொருள் ஒன்று உண்டு, அது தேயிலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூணாற்றுத் தேயிலை ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்திலுள்ள டாப் ஸ்டேஷனுக்கு வந்து சேரும். 1908 முதல் அதுவரை சிறு ரயிலும் ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியவாறு, பள்ளத்தாக்கின் மேலாக ஐந்து கிலோமீட்டர் இறங்கிக் கொட்டகுடியை அடைந்தன. பின்னர் மாட்டுவண்டிகள் அவற்றைப் போடிக்கு ஏற்றிவந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மலை ரயில்பாதையை அழித்துவிட்டது. தேனி மாவட்டத்தில் இன்றும் விமான நிலையம் இல்லை. ஆயினும் நூறாண்டுகளுக்கு முன்பே இங்குத் தேயிலை வானத்தில் சென்றது என்பது வியப்பன்றோ!

இனி விமானத்தைப் பற்றிக் காண்போம். தேனி மக்கள் சென்னைக்குப் பறக்க விரும்பினால் மதுரைக்குச் செல்ல வேண்டும். மதுரை, சென்னை விமான நிலையங்களுக்கு இடையே நேர்க்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் விரையும் விமானம் அரைமணிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் சென்றுவிடும் எனக் கணக்குக் கூறும். கால அட்டவணையோ ஒரு மணிக்கு மேல் காட்டும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், உயரத்திற்கு ஏறுதல், இறங்குவதற்கு முறை பார்த்துச் சுற்றிவருதல் ஆகியவற்றில் அந்த வேகம் கிடைப்பதில்லை. தேனியிலிருந்து மதுரை விமான நிலையத்தை அடைவதற்கே சாலையில் இரண்டு மணி நேரம் ஆகும். ஆகவே இப்பயணத்தில் வானத்தைவிடத் தரையே மிகுந்த நேரத்தை விழுங்குகிறது. மதுரைக்கும் போடிக்கும் இடையே 1928இல் அமைந்த ரயில்பாதை, அகலப்படுத்துவதற்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது; ரயில் மீண்டும் போடியை எட்டியது 2023 சூனில்தான்.

நேர்க்கோட்டை நம்பலாகாத இடமும் உண்டு. 2018 மார்ச்சு 11ஆம் நாள், குரங்கணி மலையில் மலையேறச் சென்றோர் காட்டுத்தீயில் சிக்கினர். போடிக்கும் குரங்கணிக்கும் இடையே சாலைவழியே பதினாறு கிலோமீட்டர்தான். அதற்கு மேலோ சாலை இல்லை. விமானப்படை ஹெலிகாப்டர்களும் அனுப்பப்பட்டன. எனினும் இருளில், செங்குத்தான சரிவில், மீட்போர் நடந்தே ஏறவேண்டியதாயிற்று. ஊர்மக்கள் காயமுற்றோரைப் போர்வையில் கிடத்திச் சுமந்து இறக்கினர். அத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.