கல்லிலே கண்காட்சி, அரங்கிலே ஆட்டம்!

'அரங்கம்' என்றால் என்ன? நாடகம் நடக்கும் மேடை என்று உடனே சொல்லிவிடுவீர்கள். சரிதான். ஆனால், அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஆற்றின் நடுவே இருக்கும் மேட்டு நிலத்தையும் அரங்கம் என்பார்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கத்துக்குத் தமிழில் 'திருவரங்கம்' என்று பெயர்.

வேடிக்கை என்னவென்றால், திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் முதல் பொருளும் பொருந்தும்! இந்த இரண்டு ஊர்களிலும் சிற்பம், நாடகம், கூத்து என்று பார்க்கவேண்டியவை நிறைய இருக்கின்றன. ஒரு நாள் விடுமுறையில் போய் வரலாமா?

மலைமேல் ஒரு கலைக்கூடம்

காலையில் வெயில் ஏறும் முன் மலைக்கோட்டைக்குப் போய்விடுங்கள். உச்சிப்பிள்ளையாரைப் பார்க்க நானூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறவேண்டும். பெரும்பாலானோர் மூச்சு வாங்க ஏறி, கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். தாயுமானவர் சந்நிதியைத் தாண்டி மேலே போகும் வழியில் இருக்கும் குகையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அந்தக் குகையைக் குடைவித்தவர் முதலாம் மகேந்திரவர்மன் என்ற பல்லவ மன்னர். சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முந்தையது. உள்ளே கங்காதரர் சிற்பம் இருக்கிறது. ஆகாயத்திலிருந்து இறங்கும் கங்கையைச் சிவபெருமான் ஒற்றைச் சடையை நீட்டித் தாங்குகிறார். கங்கை எங்கே என்று தேடிப் பாருங்கள். கைகூப்பியபடி சின்னஞ்சிறு பெண்ணாக இறங்கி வருவாள்! சுற்றிலும் வணங்குபவர்களின் உருவங்கள் இருக்கின்றன. இவ்வளவும் தனிக்கல்லில் செதுக்கி ஒட்டவைத்தது அல்ல. மலைப்பாறையையே குடைந்து செய்தது. உளி ஒரு இடத்தில் தவறியிருந்தால் வேறு கல் மாற்ற முடியாது!

அருகில் உள்ள வடமொழிக் கல்வெட்டில் காவிரி ஆற்றைப் பற்றிய பாடல் இருக்கிறது. நீங்களும் மலைமேல் நின்று அதே காவிரியைப் பார்க்கலாம்.

இந்த மன்னருக்குச் 'சித்திரகாரப்புலி' என்றும் ஒரு பட்டம் உண்டு. ஓவியம் வரைவதில் புலி என்று பொருள். அவர் நாடக ஆசிரியரும்கூட! 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதினார். கேரளத்துக் கூடியாட்டக் கலைஞர்கள் அதை இன்றும் நடிக்கிறார்கள்.

அரண்மனையில் அருங்காட்சியகம்

மலையை விட்டு இறங்கினால், பக்கத்திலேயே ராணி மங்கம்மாள் மகால் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் நாயக்க மன்னர்கள் தர்பார் நடத்திய மண்டபம் இது. 1983-இல் தொடங்கப்பட்ட திருச்சி அரசு அருங்காட்சியகம் பிற்பாடு இங்கே இடம் மாறியது. கற்சிலைகள், பழைய நாணயங்கள், ஓலைச்சுவடிகள் எல்லாம் இருக்கின்றன. சிலைகளைப் பார்த்துக் களைத்தால், தலையை நிமிர்த்தி மண்டபத்தின் கூரையைப் பாருங்கள். கட்டடமே ஒரு கலைப்பொருள்தான்!

மேடை ஏறிய சிறுவர்கள்

உங்கள் வயதுப் பிள்ளைகள் நாடகத்தில் நடித்துப் பெயர் வாங்கிய ஊர் திருச்சி. இங்கே ரசிக ரஞ்சன சபா என்ற அமைப்பை 1914-இல் எஃப்.ஜி. நடேச ஐயர் தொடங்கினார். அவரது 'அரிச்சந்திரா' நாடகத்தில் அரிச்சந்திரனின் மகன் லோகிதாசனாக ஒரு சிறுவன் நடித்தான். அவன் குரலைக் கேட்டு எல்லாரும் சொக்கிப்போனார்கள். அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் தமிழ்த் திரையுலகையே பாட்டால் கட்டிப்போட்ட எம்.கே. தியாகராஜ பாகவதர்.

திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் இன்னொரு சிறுவன் இருந்தான். கட்டபொம்மன் கூத்தைப் பார்த்து, நாமும் நடிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டான். சுமார் ஏழு வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். அந்தக் கம்பெனிகளுக்கு 'பாய்ஸ் கம்பெனி' என்று பெயர். வீட்டைப் பிரிந்து கம்பெனியிலேயே தங்கிப் பாட்டு, ஆட்டம், வசனம் எல்லாம் கற்கவேண்டும். பெண் வேடமும் சிறுவர்களே போடுவார்கள். இந்தச் சிறுவனும் சீதையாக நடித்தான்!

யார் என்று கண்டுபிடித்துவிட்டீர்களா? நடிகர் திலகம் சிவாஜி கணேசன்தான்! அவர் 1959-இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் கட்டபொம்மனாகவே நடித்தார். 1960-இல் எகிப்து நாட்டின் கெய்ரோ நகரில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் பரிசும் பெற்றார். சின்ன வயதில் பார்த்த ஒரு கூத்து எங்கே கொண்டுபோய்விட்டது பாருங்கள்!

அந்தப் பாய்ஸ் கம்பெனிகள் இப்போது இல்லை. சினிமா வந்ததும் பார்க்க வருகிறவர்கள் குறைந்தார்கள். கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

குதிரை பாயும் மண்டபம்

இனி பஸ் ஏறிக் காவிரிப் பாலத்தைக் கடந்தால் ஸ்ரீரங்கம். 236 அடி உயர ராஜகோபுரம் நம்மை வரவேற்கும். கோயிலின் வெளிப்பகுதியில் வேணுகோபாலன் சந்நிதி இருக்கிறது. அதன் வெளிச்சுவரில் வீணை வாசிக்கும் பெண், கண்ணாடி பார்க்கும் பெண், கிளியோடு நிற்கும் பெண் என்று அழகான சிற்பங்கள்! கிழக்குப் பக்கம் சேஷகிரிராயர் மண்டபம். பாயும் குதிரை, அதன்மேல் வீரன், அவன் ஈட்டிக்கு எதிரே புலி என எல்லாம் தூண்களிலேயே செதுக்கப்பட்டவை.

கோயில் அருங்காட்சியகத்தில் நாயக்கர் காலத்து யானைத்தந்தச் சிற்பங்கள் உள்ளன. ராஜாவும் ராணியும் கைகூப்பி நிற்கிறார்கள். யானைகளைக் காப்பதற்காக இன்று தந்த வியாபாரத்துக்குச் சட்டப்படி தடை இருக்கிறது. ஆகவே இவை உடைந்தால் புதிதாகச் செய்ய முடியாது.

திரையில்லாத நாடகம்

மார்கழியில் போனால் அரையர் சேவையும் காணலாம். வைகுண்ட ஏகாதசியை ஒட்டிப் பகல்பத்து, இராப்பத்து என்று நடக்கும் விழாவில் இடம்பெறுவது. தலையில் கூம்பு போன்ற உயரமான குல்லாய், கையில் தாளம். திரை கிடையாது, விளக்கு அலங்காரம் கிடையாது. ஆழ்வார் பாசுரத்தைப் பாடி, அபிநயம் செய்து, பொருளும் சொல்வார்கள். 'முத்துக்குறி' என்ற பகுதியில் தாய், மகள், குறி சொல்லும் கட்டுவிச்சி மூவராகவும் ஒரே அரையர் நடிப்பார்!

ஒரு காலத்தில் பல பெருமாள் கோயில்களில் நடந்த இந்தக் கலை, தமிழ்நாட்டில் இன்று ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி என விரல்விட்டு எண்ணும் ஊர்களில்தான் நடக்கிறது.

நீங்கள் செய்யவேண்டியது

ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். நூறு சிற்பத்தை ஓடி ஓடிப் பார்க்கவேண்டாம். ஒன்றே ஒன்றின் முன் பத்து நிமிடம் நின்று, பார்த்தபடி வரையுங்கள். கோணலாக வந்தால் பரவாயில்லை. வரையும்போதுதான் விரல், நகை, மடிப்பு எல்லாம் கண்ணில் படும்.

சிற்பத்தைத் தொடாதீர்கள். தூணில் பெயர் கிறுக்குபவர்களைக் கண்டால் உங்கள் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அருங்காட்சியகத்தின் விடுமுறை நாளையும் கோயில் நடை திறக்கும் நேரத்தையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கல் சிற்பத்துக்கு ஆயிரம் ஆண்டு ஆயுள் உண்டு. பாட்டுக்கும் கூத்துக்கும் அப்படி இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க ஆள் இருக்கும்வரைதான் அவற்றுக்கு ஆயுள். அந்த முன்வரிசையில் உங்களுக்கு இடம் இருக்கிறது. போய் உட்காருங்கள்!