மெய்நிகர் உலகில் நூலகச் சேவை: ‘இன்ஃபோ ஐலண்ட்’ முயற்சியை முன்வைத்து

லிண்டன் லேப் நிறுவனம் 2003 இல் பொதுப் பயன்பாட்டிற்குத் திறந்த ‘செகண்ட் லைஃப்’ ஒரு முப்பரிமாண இணைய உலகமாகும். பயனர் தமக்கென ஓர் உருவம் அமைத்துக்கொண்டு அதில் நடமாடுவர்; கட்டணம் செலுத்தி நிலம் பெற்றுக் கட்டடமும் எழுப்புவர். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்து அலையன்ஸ் நூலக அமைப்பு 2006 இல் அங்கு ‘இன்ஃபோ ஐலண்ட்’ என்னும் தீவில் நூலகச் சேவையைத் தொடங்கியது.

அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்ட நூல்களுள் பல, இணையப் பக்கங்களுக்கு இட்டுச்செல்லும் வாயில்களே. கட்டடத்துள் நடந்து சென்று ஒரு நூலைத் தொடுவதினும் உலாவியில் தேடிப் படிப்பது எளிது. எனவே நூலிருப்பைக் கொண்டு இம்முயற்சியை மதிப்பிடுதல் பொருந்தாது. அதன் வலிமை உசாத்துணை மேசையில் இருந்தது எனலாம். தன்னார்வ நூலகர்கள் முறைவைத்து அங்கு அமர்ந்தனர். நூல் பற்றிய வினாக்களோடு, அவ்வுலகில் இயங்கும் முறை பற்றிய வினாக்களுக்கும் விடையளித்தனர். நூற்கலந்துரையாடல்கள், கண்காட்சிகள், உரைகள் ஆகியனவும் நிகழ்ந்தன. வெவ்வேறு நாட்டினர் ஓரிடத்தில் அருகருகே இருக்கும் உணர்வைச் சாதாரண இணையதளம் தருவதில்லை.

சிக்கல் நிலத்தில் இருந்தது. கல்வி நிறுவனங்களுக்கும் இலாபநோக்கற்ற அமைப்புகளுக்கும் வழங்கிய பாதிக் கட்டணச் சலுகையை 2011 முதல் நிறுத்துவதாக லிண்டன் லேப் 2010 இல் அறிவித்தது. பல நிறுவனங்கள் வெளியேறின. 2013 இல் சலுகை மீண்டது. அதற்குள் அலையன்ஸ் அமைப்பே பிற நூலக அமைப்புகளுடன் இணைக்கப்பட்டுவிட்டது. தன்னார்வலர் பணி ‘கம்யூனிட்டி வர்ச்சுவல் லைப்ரரி’ என்னும் பெயரில் தொடர்ந்தது. கட்டடங்களின் நிலை வேறு: பிறர் உருவாக்கிய பொருள்களை அவர்தம் இசைவின்றி வேறு தளத்திற்குப் பெயர்த்துச் செல்ல இயலாது.