ஏறுவதற்கு முன் தரையில் பாடம்

ஜொகூரைச் சேர்ந்த மலேசிய மாமன்னர் சுல்தான் இப்ராஹிம் ஒரு போலோ ஆட்டக்காரர். போலோக் குதிரையானாலும் சவாரிக் குதிரையானாலும், முதல் பாடம் தரையில்தான்.

பழக்குபவர் நேர் பின்னாலிருந்து நெருங்கமாட்டார். அங்கே குதிரைக்குப் பார்வை எட்டாது. குரல் கொடுத்தபடி தோள்பக்கமாக வருவார். தலைக்கயிற்றை மெல்ல இழுப்பார். குதிரை ஓரடி வைத்ததுமே தளர்த்திவிடுவார். அந்தத் தளர்வுதான் அதற்குப் பரிசு. நிற்க, திரும்ப, பின்வாங்க இப்படியே கற்கிறது. பிறகு நீண்ட கயிற்றில் வட்டமாக நடக்கவிட்டு, ஓடவிடுவார். நொண்டலோ மிரட்சியோ இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். சேணத்தில் அமர்ந்தபின் தெரிந்தால் ஆபத்து ஏறியவருக்குத்தான்.

குதிரைச் சவாரி கற்கப் போகிறீர்களா? ஏறுமுன், பயிற்றுநர் துணையோடு கயிற்றைப் பிடித்து நடத்திப் பழகுங்கள்.